படகுச் சாமியைக் கழற்றிய கதை

"கமலா... என் காலு நனையுது."

போன வாரம் செவ்வாய்க்கிழமை, படகு டேமுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது பாக்கியம் அண்ணி இப்படிச் சொன்னார். சொன்ன விதமோ, "கமலா, டீ ஆறுது" என்று சொல்வது போலத்தான் இருந்தது.

குனிந்து பார்த்தேன். அண்ணியின் செருப்பைச் சுற்றித் தண்ணீர். கொஞ்சம்தான். ஆனால் படகுக்குள்ளே 'கொஞ்சம் தண்ணீர்' என்று ஒன்று உண்டா? வெளியே இருக்கிற வரைக்கும்தான் அது தண்ணீர். உள்ளே வந்துவிட்டால் அதைப் பார்க்கிற கண்ணே வேறு!

அண்ணி திரும்பி, பின்னால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஒடம்புல தண்ணி நிக்குதுன்னு டாக்டரு சொல்றாரு. இப்ப ஒன் படகுலயும் நிக்குதே தம்பி... ரெண்டையும் சேத்தே டிக்கோயா ஆஸ்பத்திரியில காட்டிருவமா?"

அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. மோட்டாரை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். நான் கிடைத்த சிரட்டையால் தண்ணீரை வாரி வாரி வெளியே ஊற்றிக்கொண்டே, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். கரை வந்துவிட்டது. வராவிட்டால் இந்த வாரம் இந்த இடத்தில் வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்!

பத்திரிகையில் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அண்ணியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாக்கியம் அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். கொழுந்து எடுத்த காலத்தில் மலையில் அவரை முந்த ஆள் கிடையாது. இப்போது ரெண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வெள்ளி... வாரம் ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய், மெசினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு தரம் தவறினால் மூச்சு வாங்கும். அதற்குமேல் தவறினால்... அதை எழுத என் கை வராது.

எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், டேமுக்கு அந்தப் பக்கம். மெயின் ரோடு இந்தப் பக்கம். மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு தோட்டத்து ரோடு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியாக அடித்த பெருமழையில் பாதி ரோடு மண்ணோடு சரிந்து தேயிலைக்குள் போய்விட்டது. இன்னும் யாரும் வந்து எடுக்கவில்லை. ஆக, எங்களுக்குப் படகு ஒன்றுதான் வழி. கரையில் இறங்கினால் ஆட்டோ. ஆட்டோ ஏறினால் ஆஸ்பத்திரி.

படகு இல்லாமல் ஒரு தரம் போய்ப் பார்த்தோம். மோட்டார் பழுதான நாள். அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு தேயிலை மலையில் ஏறினார்கள். ஏறும்போது அண்ணிக்கு ஒரே கொண்டாட்டம். "தேரு நல்லாத்தான் அசையுது. தூக்குறவனுங்கதான் சரியில்ல..." என்று மேலே உட்கார்ந்துகொண்டு கேலி. பாதி மலையில் கேலி நின்றுவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னொரு தரம் இப்படிக் கொண்டு வந்தா நீங்க கொண்டு வர்றது இவங்களை இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போதும்தானே?

அதனால், மறுபடியும் தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டே திரும்பி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை படகு ஓடுமா?

தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று பார்த்தால்... சாமியின் காலடியிலிருந்து!

ஆமாம். எங்கள் படகுக்குள் ஒரு சாமி இருந்தார்.

இது கடல் படகு. பைபரில் செய்தது. வீட்டுக்காரர் நீர்கொழும்பில் ஒரு சிங்கள மாத்தயாவிடம், அதாவது ஐயாவிடம், பழசாக வாங்கினார். லொறியில் ஏற்றிக்கொண்டு மலை ஏறி வரும்போது, கினிகத்தேனையில் டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் ரோட்டுக்கு வந்து, கடல் வற்றிப் போச்சா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார்களாம்.

அந்தப் படகின் அடித்தளத்தில், நடுவாக, ஒரு சாண் உயரத்துக்குப் பித்தளையில் ஒன்று நின்றது. அடியில் கனமான வட்டம். மேலே உருண்டையான மூடி. பார்த்த உடனே உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எங்களுக்கும் அதேதான் வந்தது. சின்னதாக ஒரு சிவலிங்கம்!

போதாததற்கு அந்த மாத்தயா, படகைக் கைமாற்றும்போது அதைக் காட்டி, விரலை உயர்த்தி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னாராம் - "அதுல மட்டும் கை வைக்காதீங்க." ஏன் என்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. கடலுக்குப் போகிறவர்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். அவர்கள் படகில் ஒன்றை இப்படிப் பாதுகாப்பாக வைத்திருந்தால் அதில் சக்தி இல்லாமலா இருக்கும்?

முதல் பொட்டை வைத்தது யார் என்று இப்போது கேட்டால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டுகிறோம். ஆனால் பொட்டு வந்தது. பிறகு பூ வந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு அக்கரைக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள்... ஏறியவுடன் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவார்கள். 'படகுச் சாமி' என்று பேரும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அபிஷேகம். பால், இளநீர், மஞ்சள் தண்ணீர். தோஷம் போக எலுமிச்சம்பழம் பிழிவார்கள். பித்தளை பளபளக்கட்டும் என்று புளி போட்டும் தேய்ப்பார்கள். காற்றடித்து டேம் கலங்குகிற நாளில் எங்கள் எல்லார் கண்ணும் அந்தப் பித்தளை மேலேதான் இருக்கும். ஒரு நாளும் எங்களைக் கைவிட்டதில்லை.

அந்தச் சாமியின் காலடியில்தான் இப்போது பச்சையாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை காலையில் ஆட்களைச் சேர்த்துப் படகைக் கரைக்கு இழுத்தோம். சாய்த்து வைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தால், வெளியேயும் ஒரு பித்தளை வட்டம் - பெரிய ஆணித் தலை மாதிரி தட்டையாக. சாமி படகுக்குள்ளே உட்கார்ந்திருக்கவில்லை. படகைத் துளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்!

வீட்டுக்காரர் நீர்கொழும்பு மாத்தயாவுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில். எங்கள் லயமே சுற்றி நின்றது.

அந்த மனிதர் முதலில் சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் அந்தப் படகுக்கு உள்ளே எஞ்சின் இருந்ததாம். எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கடல் தண்ணீரை உள்ளே இழுக்கிற குழாய் அது. பிறகு பின்னால் மாட்டுகிற மோட்டாருக்கு மாறியதும், குழாய்க்கு வேலை இல்லாமல் போனது. வாயில் ஒரு பித்தளை மூடியைப் போட்டு முறுக்கி அப்படியே விட்டுவிட்டார். மூடியைக் கழற்றினால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால்தான் கை வைக்காதே என்றது!

"நீங்க அதுக்குப் பூசை செய்வீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அதைக் கழட்டி ஓட்டையை அடைச்சிடுங்க. அது இவ்வளவு காலம் தாங்கும்னு நான் நெனைக்கவே இல்ல... மாதாதான் காப்பாத்தியிருக்காங்க" என்றார்.

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் நேரே போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். ஆண்கள் ஏன் எதற்கெடுத்தாலும் முதலில் சுத்தியலைத் தேடுகிறார்கள்?

நல்ல வேளை, நாங்கள் சொல்லி அனுப்பியிருந்த ரஸாக் நானா அதற்குள் மலையைச் சுற்றி நடந்தே வந்துவிட்டார். (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.) பஜாரில் பைப் கடை வைத்திருக்கிறார். எங்கள் லயத்துக் குழாய்களெல்லாம் அவர் பூட்டியவை. பைபர் தண்ணீர்த் தாங்கி வெடித்தால் ஒட்டுவதும் அவர்தான். ஆனால் படகில் அவர் கை வைத்ததில்லை. அதை மறைக்கவும் இல்லை.

"படகு எனக்குப் புதுசு. பித்தளை பழசு. பாப்பம்" என்றவர், சுத்தியலைப் பார்த்ததும், "அத முதல்ல அங்கிட்டு வைங்க தம்பி. அடிச்சீங்கன்னா பித்தளை வராது, பைபர்தான் வரும். வெளிய பாக்க ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள தாள் தாளாப் பிரிஞ்சிரும். பொறகு ஒரு ஓட்டைக்கு ஒம்பது ஓட்டை" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். குழாயின் தலை படகுக்கு வெளியே. உள்ளே அதை இறுக்கிப் பிடித்திருப்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெரிய நட்டு. நட்டு கழன்றால்தான் குழாயை வெளிப்பக்கமாக எடுக்க முடியும். நட்டோ குழாயோடு ஒட்டிப்போய், மேலே பச்சைக் களிம்பு ஏறி, எது நட்டு எது குழாய் என்றே தெரியவில்லை.

பைப் ரெஞ்சை மாட்டி ஒரு தரம் மெல்ல அழுத்தினார். நட்டு மட்டும் திரும்பவில்லை. மொத்தமும் சேர்ந்து திரும்பப் பார்த்தது. படகு 'க்ர்ர்...' என்று ஒரு சத்தம் போட்டது. நானா சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"இல்ல. இப்புடிச் செஞ்சா பைபரைக் கிழிச்சுக்கிட்டு வரும். கிரைண்டரைப் போட்டு நட்டை அறுக்கத்தான் வேணும். ஆனா அந்த வட்டு பைபருக்கு ஒரு நகம் தள்ளித்தான் ஓடும். கை கொஞ்சம் வழுக்குச்சோ..." முடிக்கவில்லை. அண்ணியைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல, வெளிச்சத்துல செய்வம், இன்ஷா அல்லாஹ்."

அப்போதுதான் இன்னொரு தலைவலி ஆரம்பித்தது.

"கழட்டுறதா? சாமியையா?"

கேட்டது காமாட்சி. எங்கள் லயத்துக் கடைசி வீடு. வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் கொண்டு வருகிறவள். "போன்ல அவரு ஆயிரம் சொல்லட்டும். அத எடுத்துட்டு ஓட்டுனா நான் அந்தப் படகுல ஏற மாட்டேன்."

"நீ ஏறலைன்னா படகு லேசாத்தான்டி போகும்" என்றார் அண்ணி.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் காமாட்சி மாதிரியே நினைத்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்கள். வாசகர்களே, உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் மனசு ஒப்பவில்லை. பைப் என்று காதுக்குத் தெரிந்துவிட்டது. கைக்குத் தெரியவில்லையே! அதைப் பார்த்தால் கை தானாகக் கும்பிடப் போகிறது.

வீட்டுக்குள் வந்த பிறகு அண்ணி மெல்லக் கேட்டார். இந்தத் தரம் கேலி இல்லை.

"கமலா... ஒவ்வொரு வாட்டியும் அதத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் அந்த மெசின் பக்கத்துல போய்ப் படுக்குறேன். ஊசி ரெண்டும் ஏறும்போது அதத்தான் நெனச்சுக்குவேன். இனி எத நெனைக்கிறது?"

அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன்.

பதிலைக் கொண்டு வந்தவர் எங்கள் கோயில் பூசாரி, முருகையா அண்ணன். அவரும் அந்தப் பித்தளைக்குப் பால் ஊற்றியவர்தான். அதனால் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டே நின்றார். பிறகு கேட்டார்:

"அம்மன் கோயிலுக்கு ஓடு மாத்தினமே, அப்ப என்னா செஞ்சோம்? அம்மனைக் கும்பத்துல எறக்கி, தனியா ஒரு குடிசையில வச்சுட்டுத்தானே மேஸ்திரியைக் கூரையில ஏத்துனோம்? அதே மாதிரி இதையும் எறக்கிருவோம்."

"அது அம்மன். இது பைப்புன்னு சொல்லிட்டாரே அண்ணே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவருக்கு அது பைப்பு. நம்ம கும்பிட்டது பைப்பையா? இத்தனை பேரு கண்ணுல தண்ணியோட கும்பிட்ட கும்பிடு ஒண்ணு இருக்குல்ல... அது எங்க போகும்? அதத்தான் எறக்குறேன்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பெரிய பெரிய ஆட்களுடைய பிரசங்கம் ரேடியோவில் நிறையக் கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை காலையில் மூட்டம் விலகுகிற நேரம். சாய்த்து வைத்த படகுக்கு முன்னால், ஒரு செம்பு நிறையத் தண்ணீர், மாவிலை, மேலே தேங்காய். செம்பிலிருந்து நூல் ஒன்றைக் கொண்டு வந்து அந்தப் பித்தளையில் சுற்றினார் பூசாரி. சூடம் காட்டினார். ரஸாக் நானா சாமான் பெட்டியோடு ஓரமாக நின்றார். நாங்கள் சொல்லவில்லை. அவரே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஈரத்தில் நின்றார்.

பூசாரி நூலை அறுத்தார். செம்பைத் தூக்கி ஒரு மேசைமேல் வைத்தார்.

"இனி இது வெறும் பித்தளை. தொடுங்க நானா."

"பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு நானா மண்டி போட்டார்.

கிரைண்டருக்கு லயத்திலிருந்து வயர் இழுத்திருந்தோம். போடுவதற்கு முன்னால், நட்டின் ஓரம் எங்கே முடிகிறது என்று பார்க்க, ஸ்க்ரூ டிரைவரால் பச்சைக் களிம்பைச் சுரண்டினார். சுரண்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஸ்க்ரூ டிரைவர் நட்டுக்குள்ளே இறங்கியிருந்தது. பிஸ்கட்டில் இறங்குகிற மாதிரி!

இன்னொரு பக்கம் குத்தினார். அங்கேயும் இறங்கியது. உள்ளே மஞ்சள் இல்லை. செம்பட்டையாக, ரோஸ் நிறத்தில், பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"என்னா தங்கச்சி இது... பித்தளை இப்புடிப் போகாதே! இதுக்கு என்னா ஊத்துனீங்க?"

எங்களுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பால்" என்றேன்.

"பாலா? பால் இந்த வேலை செய்யாது."

"இளநி..."

"வேற?"

பின்னால் யாரோ, "புளி" என்றார்கள்.

"ம்... வேற?"

எல்லார் கண்ணும் காமாட்சி பக்கம் போனது. காமாட்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எலுமிச்சம்பழம்... ஆனா நான் மட்டுமா புழிஞ்சேன்?" என்றாள்.

நானா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புளிப்பா ஊத்தி... அது ஓடப் போக்கில்லாம அடியிலயே நின்னு... கடலுத் தண்ணி தின்ன முடியாததை நீங்க தின்னுருக்கீங்க!"

எங்களுக்கு வெட்கம். ஆனால் வெட்கப்படுவதற்கு நேரம் இல்லாமல் அடுத்தது நடந்தது. கிரைண்டர் தேவைப்படவில்லை! நானா ஒரு சின்ன உளியை வைத்து, கையாலேயே தள்ளித் தள்ளி, அந்த நட்டைத் தூள் தூளாக உதிர்த்து எடுத்துவிட்டார். எந்த இடத்தில் படகு கிழிந்துவிடுமோ என்று ராத்திரியெல்லாம் நாங்கள் பயந்தோமோ, அந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

இனிக் குழாயை வெளியே எடுக்க வேண்டும். அது பழைய பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்த மூடியைக் கழற்றிவிட்டு, நெடுகப் புரி போட்ட ஒரு இரும்புக் கம்பியைக் குழாய்க்குள் விட்டார் நானா. உள்பக்கம் குழாயின் நுனியில் உட்காருகிற மாதிரி ஒரு வட்டத் தகடு. வெளிப்பக்கம் குழாயின் தலையைவிட அகலமான ஒரு இரும்புத் துண்டுப் பைப், படகின் வயிற்றில் நிற்கிற மாதிரி. அதற்குமேல் ஒரு கட்டையும் நட்டும். நட்டை முறுக்க முறுக்க, கம்பி குழாயை மெல்ல மெல்ல வெளியே இழுக்கும். அடி இல்லை, இடி இல்லை.

"இரும்பு பைபர்ல அழுத்திக் காயம் பண்ணும். நடுவுல மெதுவா ஏதாச்சும் வேணும்... ரப்பர் இருக்கா?"

நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போது அண்ணி தன் செருப்பைக் கழற்றி நீட்டினார். செவ்வாய்க்கிழமை நனைந்த அதே செருப்பு.

"ஐயோ அண்ணி! சாமிக்குச் செருப்பா?" என்று காமாட்சி பதறினாள்.

"அதான் பூசாரி எறக்கி மேசையில வச்சுட்டாருல்ல? இது வெறும் பித்தளை. என்னுது வெறும் செருப்பு. வெட்டுங்க நானா."

வெட்டினார். இரும்புக்கும் படகுக்கும் நடுவே அண்ணியின் செருப்பு.

முறுக்கினார். நிறுத்தினார். ஓரத்தில் வெந்நீர் ஊற்றச் சொன்னார். காத்திருந்தார். மறுபடி கொஞ்சம் முறுக்கினார். என் வீட்டுக்காரர் பைபரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார், நோயாளி நெஞ்சில் டாக்டர் வைக்கிற மாதிரி. பழைய பசை நூல் நூலாக இழுபட்டது. பிறகு 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம்... அவ்வளவுதான். பித்தளை நானாவின் கைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்காரர் அந்த ஓட்டையின் விளிம்பில் விரலை வைத்துச் சுற்றினார். இன்னொரு தரம் சுற்றினார். ஒரு பிசிறு இல்லை. படகுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். கண்ணைத் துடைக்கத்தான் போனார் என்று எனக்குத் தெரியாதா?

நான் நானாவிடம் கேட்டேன்: "நட்டு பொடியாப் போயிருந்துச்சே... அப்ப இவ்வளவு நாளும் இதை எது புடிச்சுக்கிட்டு இருந்துச்சு?"

நானா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பழைய பசைதான் தங்கச்சி. வேற ஒண்ணும் இல்ல." அதைக் கீழே வைத்துவிட்டு, "வேற ஒண்ணும் இருந்திருக்கும். அது நம்ம கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

நினைத்துப் பாருங்கள். அண்ணியை உட்கார வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு, அந்த ஆழத்துக்கு மேலே எத்தனை தரம் போய் வந்திருப்போம்! பசை என்று நீங்கள் சொல்லலாம். சரி. அந்தப் பசையைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? எனக்குக் கேள்வியே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆனால் ஒன்று மனசில் தைத்துக்கொண்டே இருக்கிறது. அண்ணிக்கு இளநீரும் வாழைப்பழமும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நம் ஆட்கள் பார்க்க வரும்போது கொண்டு வருவது எது தெரியுமா? இளநீரும் வாழைப்பழமும்! "ஒடம்புக்குக் குளிர்ச்சி" என்று கையில் திணிப்பார்கள். வாங்காவிட்டால் முகம் வாடும். அன்புதான். யார் இல்லை என்றது? அந்தப் பித்தளைக்கு நாங்கள் ஊற்றியதும் அன்புதானே? அன்பாக ஊற்றுகிறோம் என்பது நமக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்துக்குத் தெரியுமா?

இனிமேல் யாருக்கு எதை ஊற்றுவதற்கு முன்னாலும், தாங்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஓட்டையின் உள்ளும் புறமும் நானா தேய்த்துத் துடைத்து, பைபர் துணியும் பசையுமாக அடுக்கடுக்காக வைத்து மூடினார். எங்கள் மலைக் குளிருக்கு அந்தப் பசை லேசில் காயாது. கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுகிற பல்பைக் கொண்டு வந்து, அதன்மேல் தொங்கவிட்டு, சாக்கால் மூடினோம். படகு குஞ்சு பொரிக்கப் போகிறது என்று லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. விடிந்து தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை. படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டோம். பூசாரி செம்போடு வந்தார். முறைப்படி பார்த்தால், வேலை முடிந்ததும் கும்பத்தில் இருப்பதைப் பழைய இடத்திலேயே திரும்ப இறக்க வேண்டும். பழைய இடம் எங்கே? அங்கே வழவழவென்று வெறும் பைபர்தான் இருக்கிறது.

"இப்ப எங்க எறக்கப் போறீங்க அண்ணே?" என்று அண்ணி கேட்டார். அவர் எதை நினைத்துக் கேட்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பூசாரி படகைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் ஆழத்துக்கு டேமில் இறங்கி, செம்பிலிருந்த தண்ணீரை அப்படியே சாய்த்து ஊற்றினார்.

"நம்மளத் தாங்குறது இதுதானே? இனி இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அண்ணி குனிந்து, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும். என் வீட்டுக்காரர். நான். பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

காமாட்சி மட்டும் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். வெள்ளிக்கிழமை அல்லவா? பழக்கதோஷம்!

"யம்மா தாயே! படகுக்குள்ள வேணாம்!" என்று என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார்.

"ஏன்டா அவளை மறிக்கிற? தண்ணியில புழி புள்ள" என்றார் அண்ணி. "இப்ப டேமே சாமி. எவ்வளவு ஊத்துனாலும் இதுல ஓட்டை விழாது."

காமாட்சி பிழிந்தாள். முதல் ஆளாகப் படகிலும் ஏறிக்கொண்டாள்.

ரஸாக் நானாவுக்கும், பூசாரி அண்ணனுக்கும், முகம் தெரியாத அந்த நீர்கொழும்பு மாத்தயாவுக்கும், அவர் எப்போதோ பூசிய பசைக்கும், நன்றி சொல்ல எனக்கு இந்தப் பக்கத்தைவிட வேறு இடம் இல்லை. அந்தப் பித்தளை இப்போது நானாவின் கடை மேசையில் இருக்கிறதாம். காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார். ஆனால் அதன்மேல் அவர் டீக்கோப்பையை வைப்பதில்லையாம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

படகு புறப்பட்டது. அண்ணி எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். ஒரு கை படகுக்கு வெளியே, தண்ணீரில். வாய் எதையோ முணுமுணுத்தது. டேமுக்கு நடுவே வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"கமலா..."

நான் சிரட்டையைத் தேடினேன். வீட்டுக்காரர் மோட்டாரைக் குறைத்துவிட்டார். "என்னா அண்ணி?" என்றேன்.

"காலு காஞ்சிருக்கு. செருப்பு எப்ப வாங்கித் தருவீங்க?"